கல்லுக்குள் கணக்கைக் கண்டவர்

(மூன்றாமாண்டு, இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் இரண்டு தென்னங்கன்று வைப்பதற்காக நானும் அப்பாவும் குழி வெட்டினோம். காங்கயம் வட்டாரத்து மண்ணை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பாடு என்பது தெரியும். மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே சுக்கான்கல். அதையும் தாண்டினால் பாறை. இரண்டாவது குழியில் இடுப்பளவு ஆழம் போனபோது வெங்கச்சங்கல் வரி ஒன்று குறுக்கே வந்தது. கடப்பாறையால் அதை நெம்பியதும் உள்ளே ஒரு பொந்து. பொந்துக்குள் களிமண் பூசிய சில கற்கள். தொட்டி நீரில் கழுவிப் பார்த்தபோது நாங்கள் இருவருமே பேச்சற்றுப் போனோம். கண்ணாடி போன்ற தெளிவு. ஒவ்வொன்றுக்கும் சரியாக ஆறு பட்டை. பென்சில் சீவியது போல் கூம்பிய நுனி. எந்தப் பட்டறையிலும் கொடுத்துச் சாணை பிடிக்காத கல், தானாகவே இப்படி ஒழுங்காக அமைந்திருந்தது!

ஊரில் செய்தி பரவ ஒரு நாள் போதாதா? மறுநாள் மாலையே கல் தரகர் ஒருவர் வந்துவிட்டார். கல்லை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு பட்டை இருப்பதால் இது நீலப்பச்சைக் கல்லின் இனம் என்றும், மேல்மட்டத்தில் நிறமில்லாமல் இருந்தாலும் ஆழம் போகப் போக நீலம் ஏறும் என்றும் சொன்னார். தோண்டும் இயந்திரத்துக்கும் மற்றச் செலவுகளுக்கும் நாங்கள் நாற்பதாயிரம் ரூபாய் போட வேண்டும். கிடைப்பதில் பாதி எங்களுக்கு. என் அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். அம்மாவின் கழுத்திலிருந்த மூன்று பவுன் சங்கிலியைத் தவிர எங்கள் வீட்டில் அடகு வைக்க வேறொன்றும் இல்லை. அன்றிரவு அப்பா உறங்கவில்லை. அக்காவின் திருமணம், என் மேற்படிப்பு, ஒழுகும் ஓடு எல்லாவற்றுக்கும் அந்தப் பொந்துக்குள் விடை இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தரகர் சொன்னது முழுப் பொய் என்றும் ஒதுக்க இயலாது. எங்கள் பக்கத்துப் படியூரில் நீலப்பச்சைக் கல் கிடைத்தது வரலாறு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பச்சைக்கல்லிலும் பளிங்கிலும் மணிகள் செய்தார்கள் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கேள்வி ஒன்றுதான்: எங்கள் குழியில் இருப்பது பச்சைக்கல் இனமா, அல்லது வெறும் பளிங்கா?

இக்கேள்விக்கு விடை தேடி நம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான், 1822ஆம் ஆண்டு மறைந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் எனக்கு அறிமுகமானார். அவர் பெயர் ரெனே ஜூஸ்த் ஆயூயி. படிகவியலின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவருடைய வாழ்க்கையை நம் மாணவ நண்பர்கள் அறிய வேண்டும் என்ற ஆவலினால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நெசவாளியின் மகன்

பிரான்சு நாட்டின் வடபகுதியில் பிக்கார்டி என்னும் நிலப்பகுதி. அங்கே செயின்ட் ஜூஸ்த் என்ற சிற்றூரில் 1743ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஆயூயி பிறந்தார். தந்தை சணல்நூல் துணி நெய்யும் ஏழை. இந்த ஒரு செய்தியைப் படித்ததுமே எனக்கு அவர்மீது தனிப்பற்று ஏற்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நெசவாளியின் மகன் தறிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவ்வூரில் ஒரு துறவியர் மடம் இருந்தது. சிறுவனுக்கு இசையில் நாட்டம். மடத்துக் கோவிலின் வழிபாடு ஒன்றையும் தவறவிட மாட்டான். அவனைக் கவனித்த மடத்துத் தலைவர், துறவிகளைக் கொண்டு அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவனுடைய அறிவுக்கூர்மையைக் கண்டு, பாரிசுக்கு அழைத்துச் சென்றால் பிள்ளை முன்னுக்கு வருவான் என்று தாய்க்கு அறிவுரை கூறினார். கையில் அதிகப் பொருள் இல்லாத அந்தத் தாய் துணிந்து மகனுடன் பாரிசுக்குப் புறப்பட்டாள். அங்கே முதலில் கிடைத்தது ஒரு கோவிலின் பாடகர் குழுவில் சிறுவனுக்கோர் இடம். பிறகு நவார் கல்லூரியில் உதவித்தொகையுடன் படிப்பு. படித்த கல்லூரியிலேயே ஆசிரியர் பணி. பின்னர் கார்தினால் லெமுவான் கல்லூரியில் இலத்தீன் ஆசிரியர். 1770இல் குருப்பட்டம்.

கவனியுங்கள், நண்பர்களே! முப்பது வயது கடந்தும் ஆயூயி அறிவியலாளர் அல்லர். இலக்கணமும் வழிபாடுமாகக் காலம் கழித்த ஓர் அமைதியான கல்லூரி ஆசிரியர். அவருடன் பணியாற்றிய மூத்த இலத்தீன் அறிஞர் லோமோன் என்பவருக்குச் செடிகொடிகளில் ஆர்வம் மிகுதி. அந்த மூத்தவரை மகிழ்விப்பதற்காகவே ஆயூயி தாவரவியல் கற்றார். தாவரங்களைப் பார்ப்பதற்காக அரசரின் தோட்டத்துக்கு அடிக்கடி போனார். அங்கே ஒருநாள் பலர் ஒரு மண்டபத்துக்குள் நுழைவதைக் கண்டு தாமும் நுழைந்தார். உள்ளே தோபாந்தோன் என்னும் பேராசிரியர் கனிமங்களைப் பற்றி விரிவுரையாற்றிக் கொண்டிருந்தார். அன்று அவர் கேட்ட பாடம் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது.

அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒரே இனத்துச் செடியில் எந்தப் பூவை எடுத்தாலும் இதழ்களின் எண்ணிக்கையும் அமைப்பும் ஒன்றாகவே உள்ளன. ஆனால் ஒரே கனிமம் மட்டும் ஓரிடத்தில் ஆறுபட்டைத் தூணாகவும், இன்னோரிடத்தில் நாய்ப்பல் போன்ற கூராகவும், வேறோரிடத்தில் சாய்ந்த பெட்டியாகவும் வடிவெடுப்பது ஏன்? உயிருள்ளவற்றில் காணும் ஒழுங்கு கல்லில் இல்லாமற் போகுமா?

கை தவறிய கல்

விடை ஒரு விபத்தில் கிடைத்தது. நண்பர் ஒருவரின் வீட்டில் கனிமச் சேகரிப்பைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, அழகிய கால்சைட்டுப் படிகக் கொத்து ஒன்று ஆயூயியின் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. கொத்திலிருந்த ஆறுபட்டைத் தூண் ஒன்று முறிந்துவிட்டது. நம்மில் யாராயிருந்தாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கியிருப்போம். ஆயூயியும் வருந்தினார். ஆனால் முறிந்த இடத்தை உற்றுப் பார்த்தார். முறிவு கரடுமுரடாக இல்லை. கண்ணாடி போல் வழவழப்பாக, ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருந்தது. அந்தச் சாய்வு, ஐஸ்லாந்துக் கால்சைட்டு எனப்படும் சாய்ந்த பெட்டி வடிவப் படிகத்தின் சாய்வோடு ஒத்திருந்தது!

வீட்டுக்கு விரைந்தார். தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த கால்சைட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்தார். தூண் வடிவத்தை உடைத்தாலும், நாய்ப்பல் வடிவத்தை உடைத்தாலும், உள்ளே கிடைத்தது ஒரே சாய்ந்த பெட்டிதான். புற வடிவங்கள் வேறு. உள்ளிருக்கும் அடிப்படை ஒன்று. பூவில் தாம் கண்ட ஒழுங்கு கல்லிலும் இருக்கிறது என்பதை அவர் உணர்ந்த நேரம் அது.

அவர் கண்ட கொள்கையை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே விளக்கலாம். கல்லுப்புச் சட்டியில் தெளிவான ஓர் உப்புக்கல்லை எடுத்துக் கத்தி முனையை வைத்துத் தட்டினால் அது சிறு சிறு கனச்சதுரங்களாகவே பிளவுபடும். மேலும் பிளந்தால் மேலும் சிறிய கனச்சதுரங்கள். இப்படியே போனால் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடிப்படைக் கட்டி இருக்க வேண்டும். ஒரே அளவான செங்கற்களால் சுவரும் கட்டலாம், படியும் கட்டலாம், கூம்பும் கட்டலாம் அல்லவா? அதுபோல ஒரே கட்டிகளை அடுக்குந்தோறும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றோ இரண்டோ கட்டிகளைக் குறைத்துக்கொண்டே போனால் சாய்ந்த முகங்கள் தோன்றும். நவராத்திரிக் கொலுப்படியை நினைத்துக் கொள்ளுங்கள். அருகில் பார்த்தால் படி. படி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதானால், தொலைவிலிருப்பவனுக்கு அது வழவழப்பான சரிவாகவே தெரியும். எத்தனை வரிசைக்கு எத்தனை கட்டி குறைகிறது என்பது எப்போதும் 1, 2, 3 போன்ற சிறிய முழு எண்களின் விகிதமாகவே இருக்கும் என்று ஆயூயி கணக்கிட்டுக் காட்டினார். படிகவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இது இன்றும் நிற்கிறது.

1781இல் தம் கண்டுபிடிப்பை அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். தோபாந்தோனும் கணித மேதை லப்லாசும் அவரை ஊக்குவித்தனர். 1783இல் கழகத்தின் உறுப்பினரானார். 1784இல் படிக அமைப்பைப் பற்றிய முதல் நூல் வெளிவந்தது. லாகிராஞ்சு, லவாசியே, லப்லாசு, பெர்த்தோலே போன்ற பேரறிஞர்கள் அந்த எளிய பாதிரியாரின் கல்லூரி அறைக்கே வந்து அவருடைய விளக்கங்களைக் கேட்டனர்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. அக்காலத்தில் படிகங்களை ஆராய்ந்தவர்களுள் முன்னணியில் நின்றவர் ரோமே தெ லீல். ஒரு கனிமத்தின் படிகம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறாது என்பதைப் பல்லாயிரம் அளவீடுகளால் நிலைநாட்டியவர் அவர். அவருடைய உதவியாளர் கரான்ழோ செய்த கோணமானி அதற்குக் கருவியாயிற்று. அத்தகைய பெரியவர், படிகங்களை உடைத்துப் பார்க்கும் ஆயூயியைப் படிக உடைப்பாளர் என்று எள்ளி நகையாடினார். ஆயினும் ஆயூயியின் கணக்கு அந்தப் பெரியவரின் அளவீடுகளின் மீதுதான் நின்றது. அளந்தவர் ஒருவர், அளவின் காரணத்தைச் சொன்னவர் மற்றொருவர். இருவரும் இல்லாமல் இந்த அறிவியல் இல்லை.

சிறைக்குள் வந்த பெட்டிகள்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. குருமார்கள் புதிய அரசின் சட்டத்துக்கு உறுதிமொழி அளிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆயூயி அரசியல் அறியாதவர். ஆனால் தம் மனச்சான்றுக்கு மாறாக உறுதிமொழி எடுக்க மறுத்துவிட்டார். 1792 ஆகஸ்டில் அவர் கைது செய்யப்பட்டு, தம் கல்லூரியை அடுத்திருந்த செயின்ட் ஃபிர்மேன் குருமடத்தில் மற்றப் பாதிரியார்களோடு அடைக்கப்பட்டார். அவருடைய அறையைச் சோதித்தவர்கள் தாள்களையும் கற்களையும் கலைத்துப் போட்டனர். சிறைக்குள் இருந்த ஆயூயி கேட்டது ஒன்றே: தம் படிகப் பெட்டிகள். அவை வந்ததும், உயிர் என்னாகும் என்று தெரியாத அந்த இடத்தில், கலைந்த கற்களை எடுத்து வரிசைப்படுத்தத் தொடங்கினார்.

வெளியே ஓர் இளைஞர் அவருக்காக ஓடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜெஃப்ருவா செயின்ட் இலேர். அப்போது அவருக்கு வயது 20. ஆயூயியிடம் அன்பு கொண்ட மாணவர். பிற்காலத்தில் புகழ்பெற்ற விலங்கியல் அறிஞராக விளங்கியவர். அவர் அறிவியல் கழகத்தாரைக் கண்டு மன்றாடி விடுதலை ஆணையைப் பெற்று இரவில் சிறைக்கு ஓடிவந்தார். ஆயூயியோ, நேரமாகிவிட்டது, காலையில் போகலாம் என்றாராம்! மறுநாள் ஏறக்குறைய வற்புறுத்தித்தான் அவரை வெளியே அழைத்துவர வேண்டியிருந்தது. சில வாரங்களில், செப்டம்பர் தொடக்கத்தில், வெறிகொண்ட கூட்டம் சிறைகளுக்குள் புகுந்தது. செயின்ட் ஃபிர்மேனில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஜெஃப்ருவா அப்போதும் சும்மா இருக்கவில்லை. இரவில் மதிலில் ஏணி சாத்தி மேலும் சிலரைத் தப்புவித்தார்.

இப்பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆசிரியரின் உயிரை ஒரு மாணவர் காப்பாற்றினார். அந்த மாணவர் சோம்பியிருந்தால் படிகவியல் என்னவாகியிருக்கும்?

உயிர் தப்பியவர் ஒதுங்கி வாழவில்லை. 1793இல் லவாசியேயுடன் சேர்ந்து, புதிய கிலோகிராம் அளவுக்கு அடிப்படையாக நீரின் எடையைத் துல்லியமாக நிறுத்துக் கணக்கிட்டார். அவ்வாண்டின் இறுதியில் லவாசியே கைதானபோது, உறுதிமொழி எடுக்காத பாதிரியார் என்ற ஆபத்து தம் தலைமேல் தொங்கிக் கொண்டிருந்தும், அவருக்காகப் பரிந்து எழுதினார். பயனில்லை. 1794 மே 8ஆம் நாள் லவாசியே கொலைக்கருவிக்குப் பலியானார். பேசியும் பயன் விளையாத இடத்தில்கூடப் பேசியவர் ஆயூயி என்பதை நாம் மறக்கலாகாது.

கோணம் சொன்ன செய்தி

1794இல் சுரங்கத் துறையின் கனிமச் சேகரிப்பு அவர் பொறுப்பில் வந்தது. 1801இல் கனிமவியல் பெருநூல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. தோபாந்தோன் மறைந்தபோது அவருடைய இடம் ஆயூயிக்கே என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் அப்போது தொலோமியே என்னும் கனிமவியலார் இத்தாலியச் சிறையில் வாடிக்கொண்டிருந்தார். பதவியை அவருக்கே தர வேண்டும் என்று ஆயூயி வாதாடினார். அவ்வாறே தரப்பட்டது. தொலோமியே விடுதலையாகி விரைவிலேயே மறைந்த பிறகுதான் 1802இல் அப்பதவி ஆயூயிக்கு வந்தது.

அவருடைய முறையின் ஆற்றலை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும். சிசிலித் தீவிலிருந்து வந்த படிகங்களும் இங்கிலாந்திலிருந்து வந்த படிகங்களும் ஒரே பாரைட்டு என்றே அனைவரும் எண்ணினர். ஆயூயி அளந்தபோது கோணத்தில் சில பாகை வேறுபட்டது. இவை இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்றார். வேதியியலார் வோக்ளேன் பகுத்துப் பார்த்தபோது ஒன்றில் பேரியமும் மற்றதில் ஸ்ட்ரான்சியமும் இருப்பது தெரிந்தது. இதற்கு நேர்மாறானது மற்றொன்று. மரகதமும் நீலப்பச்சைக் கல்லும் வெவ்வேறு கற்கள் என்பது உலக வழக்கு. இரண்டின் கோணங்களும் ஒன்றாக இருப்பதைக் கண்ட ஆயூயி, இரண்டும் பெரில் என்னும் ஒரே கனிமமே என்றார். அவர் தூண்டுதலால் வோக்ளேன் ஆராய்ந்தபோது உண்மை உறுதியானதோடு, 1798இல் புதியதொரு தனிமத்தின் ஆக்சைடும் அதில் கிடைத்தது. அத்தனிமமே இன்று நாம் பெரிலியம் என்பது. 2021இல் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடிகள் அந்த உலோகத்தால் ஆனவை.

பெரில் என்ற சொல்லைக் கண்டதும் என் நெஞ்சு படபடத்தது. எங்கள் தரகர் சொன்ன நீலப்பச்சைக் கல் இதுதானே!

கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியரின் அனுமதியோடு சோதனையில் இறங்கினேன். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு துளி. நுரைக்கவில்லை, ஆகவே கால்சைட்டு அன்று. பிறகு கண்ணாடித் துண்டில் கீறினேன். கல் கண்ணாடியை எளிதாகக் கீறியது. மோஸ் என்னும் ஜெர்மானியர் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் கண்ணாடி ஏறத்தாழ 5.5, பளிங்கு 7, பெரில் 7.5 முதல் 8. ஆக இரண்டுமே கீறும்; விடை கிடைக்கவில்லை. அடுத்து, காற்றிலும் நீரிலும் எடையிட்டு அடர்த்தி கண்டேன். 2.6க்கும் 2.7க்கும் இடையில் வந்தது. பளிங்கின் அடர்த்தி 2.65. பெரிலோ 2.6இலிருந்து 2.8 வரை வரும். இங்கும் முடிவில்லை. உடைந்த துண்டொன்றைத் தட்டிப் பார்த்தேன். புட்டிக் கண்ணாடி போல் வளைந்து உடைந்தது. தெளிவான பிளவு இல்லை. பெரிலுக்கும் தெளிவான பிளவு கிடையாது. ஆறுபட்டையும் இரண்டுக்கும் பொது.

மிஞ்சியது கோணம் ஒன்றே. ஒரு பாகைமானியின் மையத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் குண்டூசியால் பொருத்தி, ஆயூயி காலத்துக் கோணமானியைப் போல ஒன்று செய்துகொண்டேன். பளிங்கில் தூண் முகத்துக்கும் கூம்பு முகத்துக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 142 பாகை. பெரிலின் நுனி பெரும்பாலும் தட்டையாகவே இருக்கும். வழக்கமான சாய்முகம் இருந்தாலும் கோணம் ஏறத்தாழ 120 பாகை. அளந்தேன். 142 வந்தது. கை நடுங்கியிருக்கும் என்று வேறொரு கல்லை அளந்தேன். 141. மூன்றாவதையும் அளந்தேன். 142. தூண் முகங்களில் குறுக்குவாட்டில் மெல்லிய கோடுகள் இருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதுவும் பளிங்கின் அடையாளமே.

உண்மையைச் சொல்கிறேன். 120 வரவேண்டும் என்றுதான் நான் அத்தனை முறை அளந்தேன். ஆழத்தில் வேறு கல் இருக்கலாமே என்று ஒரு நாள் முழுதும் எனக்கு நானே வாதாடினேன்.

ஆசைப்பட்ட எண்

அந்த வேளையில் எனக்குத் துணை நின்றது ஆயூயியின் வெற்றியன்று, அவருடைய தவறு. கால்சைட்டின் பிளவு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் 104 பாகை 28 நிமிடம் என்று அவர் கணக்கிட்டிருந்தார். அந்த எண்ணை வைத்தால் கணக்கு மிக எளிய விகிதத்தில், அழகாக அமையும். 1809இல் இங்கிலாந்தின் உல்லாஸ்டன் ஒளித்தெறிப்பால் அளக்கும் புதிய கோணமானியைச் செய்தார். அது காட்டிய கோணம் 105 பாகை 5 நிமிடம். வேறுபாடு முப்பத்தேழு நிமிடமே. ஆனால் ஆயூயி தம் எண்ணை விடவில்லை. இயற்கை எளிய விகிதத்தையே விரும்பும் என்று உறுதியாக நம்பினார். 1819இல் ஜெர்மனியின் மிட்சர்லிக், வேறுவேறு சேர்மங்கள் ஒத்த வடிவில் படிகமாகலாம் என்று காட்டியபோதும் முதியவரான ஆயூயி ஏற்கவில்லை. பைராக்சீன் என்ற பெயரில்கூட அவருடைய பிழை ஒன்று உறைந்திருக்கிறது. எரிமலைக் குழம்பில் காணும் அக்கனிமம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்று எண்ணி, நெருப்புக்கு அயலான் என்னும் பொருள்பட அவர் பெயரிட்டார். உண்மையில் அது நெருப்பிலேயே பிறந்தது.

கல்லை உடைத்து உண்மை கண்டவரே, தமக்குப் பிடித்த ஓர் எண்ணை உடைக்க மனம் வராமல் போனார். அப்படியிருக்க, நாற்பதாயிரம் ரூபாய்க் கனவில் இருக்கும் என் மனம் கருவியை ஏமாற்றப் பார்ப்பதில் வியப்பென்ன? கண்டது 142 என்றால் 142தான் என்று அன்று முடிவு செய்தேன்.

ஊருக்குப் போய் அப்பாவின் முன் கல்லையும் கோணமானியையும் வைத்தேன். நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பாவு நூலின் நேர்மையைக் கண்ணாலேயே கணிப்பவர் அவர். பட்டையைக் கல்லின் முகத்தில் ஒட்டி வைத்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று தாமே பார்த்தார். எண்ணைப் படித்தார். எல்லாக் கல்லையும் ஒருமுறை அளந்தார். பிறகு சங்கிலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். சொந்த நிலமானாலும் கனிமம் தோண்ட அரசின் அனுமதி வேண்டும் என்று பேராசிரியர் கூறியதையும் பிறகு சொன்னேன். தரகர் மீண்டும் வந்தபோது அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இறுதி நாள்கள்

ஆயூயியின் கடைசிக் காலம் வளமாக இல்லை. நெப்போலியன் அவரை மதித்தார். பள்ளிகளுக்கு இயற்பியல் பாடநூல் எழுதச் செய்தார். 1803இல் வெளிவந்த அந்நூல் பலமுறை அச்சானது. நெப்போலியன் வீழ்ந்த பின் வந்த ஆட்சியில் அவருடைய ஓய்வூதியம் நின்றது. மீண்டும் வறுமை. ஆயினும் தம்மை நாடி வந்த எவருக்கும் தம் கற்களைக் காட்டி விளக்க மறுத்ததில்லை. மாணவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்படி மரத்தாலான படிக உருவங்களைச் செய்வித்தார். தெருவில் வாளெடுத்துச் சண்டையிட இருந்த இரண்டு பழைய போர்வீரர்களைச் சமாதானப்படுத்தி, அது உறுதிப்பட வேண்டுமென்று அவர்களுடன் மதுக்கடைவரை சென்று உட்கார்ந்த பாதிரியார் அவர்.

அவருடைய தம்பி வாலந்தேன் ஆயூயியையும் இங்கே நினைக்க வேண்டும். பார்வையற்றோருக்கென்று பாரிசில் முதற்பள்ளியை 1780களில் நிறுவி, மேடெழுந்த எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கக் கற்பித்தவர் அவர். 1819இல் அப்பள்ளியில் சேர்ந்த சிறுவன்தான் லூயி பிரெயில். ஒரு நெசவாளியின் இரண்டு மக்களில் ஒருவர் கல்லைப் படிக்கக் கற்றுத்தந்தார். மற்றவர் விரலுக்குப் படிக்கக் கற்றுத்தந்தார். 1822 மார்ச்சில் தம்பி மறைந்தார். அதே ஆண்டு, தம் அறையில் கால் இடறி விழுந்து தொடையெலும்பு முறிந்த அண்ணனும் ஜூன் மாதத் தொடக்கத்தில் கண்மூடினார். அவருடைய சேகரிப்பு இங்கிலாந்துப் பிரபு ஒருவருக்கு விற்கப்பட்டு, 1848இல் மீண்டும் பாரிசு வந்து சேர்ந்தது. ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் அவருடைய பெயரும் ஒன்று. ஆயூயின் என்னும் அழகிய நீலக் கனிமமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1912இல் லாவே எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் செலுத்தியபோது, உள்ளே ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டிருப்பது நிறுவப்பட்டது. ஆயூயி எண்ணிய கட்டிகள் அணுக்களின் அடுக்குகளாக இருந்தன. அவ்வழியில்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரன் 1954இல் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டார். சென்னைப் பரங்கிமலையின் சார்னகைட்டுப் பாறையில் கருமையாய் மின்னும் கனிமத்துக்கு ஹைப்பர்ஸ்தீன் என்று பெயர் வைத்தவரும் ஆயூயியே. இன்றைய முறையான பட்டியலில் அப்பெயர் நீக்கப்பட்டுவிட்டாலும், பாறையியலார் நாவில் அது இன்னும் வழங்குகிறது.

எங்கள் புழக்கடையில் அந்த இரண்டு குழிகளிலும் இப்போது தென்னங்கன்றுகள் நிற்கின்றன. மூன்றாவது ஓலை விட்டிருக்கின்றன. பளிங்குக் கற்களில் பெரியதை நம் ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். இயற்பியல் துறைக்கு வரும் நண்பர்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் அதைக் காணலாம். அருகில் கோணமானியும் உண்டு. விலை மதிப்பில்லாத கல்தான். ஆயினும் எடுத்து ஒருமுறை அளந்து பாருங்கள். யார் அளந்தாலும் 142 பாகைதான் வரும்.